சேர்மன்களின் சூதாட்டம் – 9: ஒரு புள்ளி

சென்ற வாரம் ஸ்பெயினின் வலன்சியாவில் நிறுத்தியிருந்தோம். 2001 மே 8 இரவு. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் 3-0 என்று தோற்று லீட்ஸ் யுனைடெட் வெளியேறியது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பீட்டர் ரிட்ஸ்டேல் லீட்ஸ்காரர், சின்ன வயதிலிருந்தே அந்தக் கிளப்பின் ரசிகர். ஆயத்த ஆடை வணிகத்தில் பெரிய பொறுப்புகளில் இருந்துவிட்டு 1997-ல் சேர்மன் நாற்காலிக்கு வந்தார். 2000 ஏப்ரலில் கலாடசராய் அணியுடன் மோத இஸ்தான்புல் போனபோது, ஆட்டத்துக்கு முந்தைய இரவு லீட்ஸ் ரசிகர்கள் இரண்டு பேர் குத்திக் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் ரிட்ஸ்டேல் நடந்துகொண்ட விதம் ஊரில் அவருக்குப் பெரிய மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் வெஸ்ட் ஹாமிலிருந்து ரியோ ஃபெர்டினாண்ட் என்ற 22 வயது தடுப்பாட்டக்காரரை 18 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 120 கோடி ரூபாய். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு உலகில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரிட்ஸ்டேல் கிளப்பின் முதலாளி கிடையாது. லீட்ஸ், லண்டன் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் கையில் இருந்தது. அவர் சம்பளம் வாங்கும் சேர்மன். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த சேர்மன்கள் சொந்தக் காசை வைத்து ஆடியவர்கள். இவர் ஆடியது வேறு காசு.

வலன்சியாவில் தோற்றது அவமானமே இல்லை. மிலன், பார்சிலோனா, ரியல் மாட்ரிட் எல்லாம் இருந்த குழுக்களைத் தாண்டி வந்த அணி அது. சேர்மனுக்கு ஊர் திரும்பும்போது கவலை வேறு. அடுத்த வருடமும் சாம்பியன்ஸ் லீகில் ஆட வேண்டுமானால் பிரீமியர் லீகில் முதல் மூன்று இடங்களுக்குள் வர வேண்டும். மீதி இருந்த நாட்கள் பதினொன்று.

* * *

மே 19, சனிக்கிழமை. சீசனின் கடைசி நாள்.

இரண்டு மைதானங்கள். லீட்ஸின் சொந்த மைதானமான எலண்ட் ரோட்டில் லெஸ்டர் சிட்டியுடன் ஆட்டம். லண்டனில் சார்ல்டன் அணியுடன் லிவர்பூலுக்கு ஆட்டம். லிவர்பூல் மூன்றாவது இடத்தில், லீட்ஸ் ஒரே ஒரு புள்ளி பின்னால். லிவர்பூல் தடுக்கி விழுந்தால் போதும்.

விழுவதற்கு வாய்ப்பும் இருந்தது. மூன்று நாள் முன்புதான் லிவர்பூல் யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் கூடுதல் நேரம் வரை ஓடிக் களைத்திருந்தது. சார்ல்டனில் முதல் பாதி முடிந்தபோது கோல் எதுவும் இல்லை.

இரண்டாம் பாதியில் லிவர்பூல் விழித்துக்கொண்டது. 4-0. அந்த நாலில் இரண்டு கோல் ராபி ஃபௌலர் போட்டது. லிவர்பூல் தெருக்களில் வளர்ந்த பையன், அந்த ஊர் ரசிகர்களின் செல்லம். இந்தப் பெயர் திரும்ப வரும்.

லீட்ஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. லெஸ்டரை 3-1 என்று வென்றது. பட்டியலில் லிவர்பூலுக்கு 69 புள்ளி, லீட்ஸுக்கு 68. நான்காம் இடம்.

* * *

அந்த ஒரு புள்ளி எங்கே தொலைந்தது என்று லீட்ஸ் ரசிகர்கள் இன்றும் தேடுவார்கள். 38 ஆட்டங்களில் எங்கு வேண்டுமானாலும் தொலைந்திருக்கலாம்தான். ஆனாலும் யாரைக் கேட்டாலும் ஒரே தேதியைச் சொல்வார்கள்: மார்ச் 3, எலண்ட் ரோடு, எதிரணி மான்செஸ்டர் யுனைடெட்.

யார்க்‌ஷர்காரர்களுக்கும் லங்காஷர்காரர்களுக்கும் உள்ள பகை கால்பந்தைவிடப் பழையது. அதன் மேல், 1992-ல் எரிக் கான்டோனாவை வெறும் 1.2 மில்லியனுக்கு மான்செஸ்டருக்கு விற்ற காயம் வேறு. அன்று விற்ற ஆள் அங்கே போய்க் கோப்பைகளாகக் குவித்தார்.

ஆட்டத்துக்கு நடுவே மான்செஸ்டர் கோல்கீப்பர் ஃபாபியன் பார்தேஸ் கோபத்தில் லீட்ஸின் இயன் ஹார்ட்டைக் காலால் எட்டி உதைத்தார். பெனால்டி. உதை வாங்கிய ஹார்ட்டே பந்தை எடுத்து வைத்தார். அடித்தார். பார்தேஸ் பாய்ந்து தடுத்துவிட்டார்.

1-1 என்று இருந்தபோது, கடைசி நேரத்தில் லீ போயர் வலப்புறமிருந்து பந்தைக் குறுக்கே தட்டினார். மான்செஸ்டரின் வெஸ் பிரவுன் காலில் பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே போனது. மைதானம் எழுந்து நின்றது. லைன்ஸ்மேன் கொடி உயர்ந்திருந்தது. ஆஃப்சைடு.

போயர் சரியான இடத்தில்தான் இருந்தார் என்பது லீட்ஸ் தரப்பின் வாதம். மறுஒளிபரப்பும் அதைத்தான் காட்டியது. கொடி உயராமல் இருந்தால் லீட்ஸுக்கு இரண்டு புள்ளி கூடுதல், மொத்தம் 70. லிவர்பூலின் இடத்தில் லீட்ஸ்.

ஒரு பெனால்டி, ஒரு கொடி. கால்பந்தில் இது தினமும் நடக்கிற சங்கதி, இதற்காக எந்தக் கிளப்பும் மூழ்கியதில்லை. லீட்ஸின் சிக்கல், அந்த ஒரு புள்ளி தாங்க வேண்டிய எடையை அதன் தலையில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்ததுதான்.

* * *

2001 கோடையில் ரிட்ஸ்டேல் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, கையைச் சுருக்குவது. ஒரு வருடம் சாம்பியன்ஸ் லீக் பணம் வராது. ஒன்றிரண்டு பேரை விற்றுச் சமாளிக்கலாம். இளம் அணி, காத்திருக்கலாம்.

மற்றது, இன்னும் கொஞ்சம் தள்ளுவது. ஒரே ஒரு புள்ளிதானே குறைந்தது? இன்னும் ஒரு நல்ல ஆட்டக்காரர் இருந்தால் நிச்சயம். இப்போது விற்றால் இத்தனை வருட உழைப்பும் வீண்.

பின்னாளில் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று எழுதியவர்கள் அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது புள்ளி வித்தியாசத்தில் கோட்டை விட்டிருந்தால் அவரே நிறுத்தியிருப்பார். ஒரு புள்ளியில் தவறியவனுக்குத்தான் நிறுத்த மனசு வராது.

மேலாளர் டேவிட் ஓ’லியரி வாங்கச் சொன்னார். பத்திரிகைகள் லீட்ஸின் துணிச்சலைப் பாராட்டின. இயக்குநர் குழுவில் கை உயர்த்தித் தடுத்தவர் என்று வரலாற்றில் யார் பெயரும் பதியவில்லை. ரசிகர்களும் “விற்காதே” என்றுதான் சொன்னார்கள். தவறு ஒருவர் தலையில் மட்டும் விழுந்தது பிறகு.

பணத்துக்கு வழி?

2001 செப்டம்பரில் அது வந்தது. 60 மில்லியன் பவுண்டு, அன்றைய மதிப்பில் 400 கோடி ரூபாய். காப்பீட்டு, ஓய்வூதிய நிறுவனங்கள் தந்த கடன். தவணை 25 ஆண்டுகள். ஈடு, எலண்ட் ரோட்டில் இனி வரப்போகும் டிக்கெட் வசூல்.

இன்னும் நடாத இருபத்தைந்து போக நெல்லை இன்றே விற்றுக் காசாக்கிய கணக்கு.

இந்த வகைக் கடனை லீட்ஸ் கண்டுபிடிக்கவில்லை. 1999-ல் நியூகாசில் யுனைடெட் இதே முறையில் 55 மில்லியன் வாங்கியது. ஆனால் நியூகாசில் அந்தப் பணத்தில் மைதானத்தைப் பெரிதாக்கியது. 52,000 பேர் உட்காரும் இடம் ஆனது. கூடுதல் இருக்கையில் கூடுதல் ஆள், கூடுதல் டிக்கெட். கடன் தன்னைத் தானே அடைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது.

லீட்ஸின் பணம் பழைய கடனை மாற்றவும், ஆட்டக்காரர்களுக்கும் போனது. ஃபெர்டினாண்ட் எவ்வளவு அழகாகப் பந்தைத் தடுத்தாலும் எலண்ட் ரோட்டில் ஓர் இருக்கைகூடக் கூடாது. 40,000 இருக்கைகள், அவை ஏற்கெனவே நிரம்பிக்கொண்டிருந்தன.

இதுபோக இன்னொரு ஏற்பாடும் இருந்தது. சில ஆட்டக்காரர்களை லீட்ஸ் நேரடியாகக் காசு கொடுத்து வாங்கவில்லை. நிதி நிறுவனம் ஒன்று தொகையைக் கட்டிவிடும். லீட்ஸ் ஒப்பந்தக் காலம் முழுக்க வட்டியோடு தவணை கட்டும். பைக் வாங்குவதுபோல ஆட்டக்காரர் வாங்குவது. தவணை தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் காப்பீடு இருந்தது. லீட்ஸுக்கு இல்லை, கடன் கொடுத்தவருக்கு.

இப்போது மூன்று கடிகாரங்களைப் பாருங்கள். கடன் 25 வருடத்துக்கு ஓடுகிறது. ஆட்டக்காரரின் ஒப்பந்தம் நாலைந்து வருடத்துக்கு ஓடுகிறது. 1995-ன் போஸ்மான் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தால் கிளப்புக்கு ஒரு பைசாகூட வராமல் அவர் கிளம்பிவிடலாம். சாம்பியன்ஸ் லீக் நுழைவுச்சீட்டோ ஒரே ஒரு வருடத்துக்கு. ஒவ்வொரு மே மாதமும் காலாவதி.

மூன்றாவது கடிகாரம் ஒரு முறை நின்றாலும் மற்ற இரண்டும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ரிட்ஸ்டேல் தரப்புக்கு இதற்கு ஒரு பதில் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்கள் சொத்து, விலை ஏறிக்கொண்டே போகிறது, நெருக்கடி வந்தால் ஒருவரை விற்றால் தீர்ந்தது. 2001-ல் இதை மறுக்க யாராலும் முடியாது. அந்தக் கோடையில்தான் ரியல் மாட்ரிட் ஜிடானுக்கு உலக சாதனை விலை கொடுத்திருந்தது.

* * *

கடன் கைக்கு வந்த சூட்டோடு அக்டோபரில் டார்பி கவுன்ட்டியிலிருந்து சேத் ஜான்சன். 7 மில்லியன். ஒரு முறைதான் இங்கிலாந்துக்கு ஆடியவர். இவருக்கான சம்பளப் பேச்சுவார்த்தை பற்றி ஒரு கதை இங்கிலாந்தில் பிரபலம்: ஏஜென்ட் கேட்க நினைத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் ரிட்ஸ்டேல் முதல் வார்த்தையிலேயே சொன்னாராம், ஏஜென்ட் திகைத்து வாயடைத்து உட்கார, போதவில்லை போலிருக்கிறது என்று ரிட்ஸ்டேல் இன்னும் ஏற்றினாராம். ரிட்ஸ்டேல் இதை அடியோடு மறுத்திருக்கிறார். நடக்காத கதையாகவே இருக்கட்டும். ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் உடனே நம்பினார்களே, அது ஏன்?

நவம்பரில் அடுத்தது. சார்ல்டனில் இரண்டு கோல் போட்டு லீட்ஸை நான்காம் இடத்துக்குத் தள்ளிய அதே ராபி ஃபௌலர். லிவர்பூல் நம்ப முடியாமல் கையை விட்டது. சுமார் 11 மில்லியன்.

முன்வரிசையில் ஏற்கெனவே மார்க் விடுகா, ஆலன் ஸ்மித், ஹாரி கியூவெல். இன்டர் மிலனிடமிருந்து 12 மில்லியனுக்கு வாங்கிய ராபி கீன் வேறு. ஃபௌலர் வந்ததும் கீன் பெஞ்சில். 12 மில்லியன் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அதன் தவணை உட்காராது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். லீட்ஸ் என்றதும் எல்லோரும் கேட்பது தங்கமீன் கதை. சேர்மன் அறையில் இருந்த மீன்தொட்டிக்கு மாதம் 20 பவுண்டு வாடகை கட்டினார்கள் என்பது பின்னாளில் வெளியே வந்தது. ஊர் சிரித்தது. வருடத்துக்கு 240 பவுண்டு! ஒரு கிளப்பை அது கவிழ்க்குமா? பெஞ்சில் இருந்த 12 மில்லியனைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாதவர்களுக்கு மீன் வசதியாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

* * *

2002 ஜனவரி 1.

எலண்ட் ரோட்டில் வெஸ்ட் ஹாமை லீட்ஸ் 3-0 என்று வீழ்த்தியது. விடுகா இரண்டு, ஃபௌலர் ஒன்று. பிரீமியர் லீக் பட்டியலில் முதலிடம்.

அன்று சாயங்காலம் ரிட்ஸ்டேலின் கணக்கு முழுக்கச் சரியாக இருந்தது. முதலிடத்தில் இருக்கிற அணி. பட்டத்தை விட்டாலும் முதல் நான்கில் வந்துவிடும். இந்த வருடம் நான்காம் இடத்துக்கும் சாம்பியன்ஸ் லீக் கதவு திறக்கும். கடன், தவணை, சம்பளம் எல்லாம் அந்த ஒரு கதவுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தது.

ஐந்தே நாள்.

ஜனவரி 6-ல் வேல்ஸுக்குப் போனார்கள். எஃப்ஏ கோப்பை மூன்றாம் சுற்று, கார்டிஃப் சிட்டியின் பழைய நினியன் பார்க் மைதானம். கார்டிஃப் இரண்டு படி கீழே, மூன்றாம் அடுக்கில் ஆடுகிற அணி. அதன் உரிமையாளர் சாம் ஹம்மாம், ஆட்டம் நடக்கும்போதே மைதானத்தின் ஓரமாக நடந்து வந்து ரசிகர்களை உசுப்பிவிட்டுக்கொண்டிருந்தார். லீட்ஸின் ஸ்மித் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். கடைசி நிமிடங்களில் ஸ்காட் யங் கோல் போட்டார். கார்டிஃப் 2, லீட்ஸ் 1.

ஓரமாக நடந்த ஹம்மாமும் பின்னால் கடனில் சிக்குவார், அவர் விட்டுப்போகும் அதே கார்டிஃப் நாற்காலியில் வந்து உட்காரப்போவது சாட்சாத் பீட்டர் ரிட்ஸ்டேல். அதற்கு இன்னும் நாலைந்து வருடம் இருக்கிறது. அந்தக் கதைக்குத் தனிப் பகுதி வேண்டும்.

அன்றோடு ஏதோ கழன்றது. புத்தாண்டு வெற்றிக்குப் பிறகு மார்ச் வரை லீகில் ஒரு வெற்றியும் இல்லை. பிப்ரவரி தொடக்கத்தில் எலண்ட் ரோட்டுக்கே வந்து லிவர்பூல் 4-0 என்று அடித்தது. அதில் ஒரு கோல் ஃபெர்டினாண்ட் தன் வலைக்குள் தானே போட்டது. ஃபௌலர் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் களத்துக்கு வெளியிலும் இருந்தது. 2000 ஜனவரியில் லீட்ஸ் நகர மையத்தில் ஆசிய வம்சாவளி மாணவர் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கில் போயரும் ஜோனதன் வுட்கேட்டும் குற்றம் சாட்டப்பட்டிருந்தார்கள். 2001 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. போயர் விடுதலை. வுட்கேட், பொது இடத்தில் கலவரம் செய்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். அது வந்த கையோடு மேலாளர் ஓ’லியரி அந்தக் காலம் பற்றி எழுதிய புத்தகம் வெளியானது. வழக்கையே தலைப்பில் வைத்திருந்தது. உடை மாற்றும் அறையில் தன்னோடு உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பற்றி, சீசன் நடுவில், முதலிடத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டே மேலாளர் புத்தகம் போடுவதை யார் அனுமதித்தார்கள் என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

மே மாதக் கணக்கு: நியூகாசில் 71 புள்ளியுடன் நான்காம் இடம். லீட்ஸ் 66, ஐந்தாம் இடம். மைதானத்தைப் பெரிதாக்கக் கடன் வாங்கிய கிளப், ஆள் வாங்கக் கடன் வாங்கிய கிளப்பைத் தாண்டிப் போயிருந்தது.

இந்த முறை லைன்ஸ்மேனைத் திட்ட வழியில்லை. இடைவெளி ஐந்து புள்ளி.

* * *

ஜூன் கடைசியில் ஓ’லியரி வேலையிழந்தார். நான்கு சீசனில் அவருக்காக லீட்ஸ் செலவழித்தது ஏறக்குறைய 100 மில்லியன். கோப்பை ஒன்றும் இல்லை.

ஜூலையில் புது மேலாளராக டெர்ரி வெனபிள்ஸ் வந்தார். இங்கிலாந்து தேசிய அணியையே நடத்தியவர், பார்சிலோனாவுக்கு லீக் பட்டம் வாங்கித் தந்தவர். ஃபெர்டினாண்டைச் சுற்றி அணியைக் கட்டலாம் என்ற நினைப்போடு வந்தார்.

ஃபெர்டினாண்ட் அப்போதுதான் ஜப்பான்–கொரியா உலகக் கோப்பையில் கலக்கிவிட்டுத் திரும்பியிருந்தார். அவரை விற்கும் பேச்சே இல்லை என்று கிளப் சொல்லிவந்தது. ஆனால் கடன் 80 மில்லியனை நெருங்கியிருந்தது. நெருக்கடி வந்தால் ஒருவரை விற்றால் தீர்ந்தது என்ற பழைய வாதம் அமலுக்கு வரும் நேரம்.

சந்தைதான் மாறியிருந்தது. அந்த வசந்த காலத்தில் இங்கிலாந்தில் ஐடிவி டிஜிட்டல் திவாலானது. கீழ் லீக் கிளப்புகளின் தொலைக்காட்சிப் பணம் அதோடு போனது. ஜெர்மனியில் கிர்ச் ஊடகக் குழுமம் கவிழ்ந்தது. இத்தாலியில் ஃபியோரென்டினா திவாலாகிக்கொண்டிருந்தது. வாங்குவதற்குக் காசோடு நின்றவர்கள் மிகச் சிலர்.

அதில் முதலாவது ஆள் மான்செஸ்டர் யுனைடெட்.

ஜூலை 22. ஃபெர்டினாண்ட் கையெழுத்திட்டார். விலை 30 மில்லியனையொட்டி. கான்டோனா போன அதே வழியில், பத்து வருடம் கழித்து, பல மடங்கு விலையில். லாபம் மட்டும் பார்த்தால் இரண்டே வருடத்தில் 12 மில்லியன். ரிட்ஸ்டேல் செய்த வியாபாரங்களிலேயே சிறந்தது. ரசிகர்கள் அதை மன்னிக்கவே இல்லை.

ஆகஸ்டில் ராபி கீன் டாட்டன்ஹாமுக்குப் போனார். வாங்கியது 12, விற்றது 7. லீட்ஸ் விற்றே ஆக வேண்டும் என்பது இப்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

புதிய சீசனிலிருந்து இன்னொரு விதியும் வந்தது. இனி வருடம் முழுக்க ஆட்டக்காரர்களை விற்க முடியாது. கோடையில் ஒரு முறை, பிறகு ஜனவரி மாதத்தில் மட்டும். காசு தேவைப்படுகிறவர் அதுவரை காத்திருக்க வேண்டும். வாங்குகிறவர் கடைசி நாள் வரை விலையை இழுத்தடிக்கலாம்.

வெனபிள்ஸுக்கு இனி முக்கியமான யாரையும் விற்கமாட்டோம் என்ற உறுதி கிடைத்திருந்தது. இலையுதிர் காலத்தில் லீட்ஸ் வரிசையாகத் தோற்றது. தவணை தேதிகள் வந்துகொண்டிருந்தன. அணியில் நல்ல விலைக்குப் போகக்கூடிய இளம் தடுப்பாட்டக்காரர் இப்போது ஒருவர்தான் மிச்சம்: ஜோனதன் வுட்கேட். மேலாளர் எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது என்று சொன்ன பெயரும் அதுதான்.

2003 ஜனவரி 31 நள்ளிரவு கதவு மூடும். அதற்குள் ரிட்ஸ்டேல் யாருக்குக் கொடுத்த வார்த்தையை உடைப்பார், மேலாளருக்கா, கடன் கொடுத்தவர்களுக்கா?

(அடுத்த வாரம்)